67 வயதானதும் அமெரிக்க ஊனமுற்றோர் உதவித்தொகை நின்றுவிடுமா?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகை பெற்றுவரும் தங்கள் தந்தைக்கு 67 வயது நிறையும்போது அது நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது, பெயர்தான் மாறும். 1960-ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது, அதாவது குறைப்பின்றி முழு ஓய்வூதியம் பெறும் வயது, 67 என்பதால், அதை எட்டியதும் புதிய விண்ணப்பம் ஏதுமின்றி உதவித்தொகை ஓய்வூதியமாக மாற்றப்படுகிறது. இரண்டையும் சேர்த்து இரட்டிப்பாகப் பெறலாம் என்று சிலர் நம்புவது தவறு.

ஊனமுற்றோர் தொகை, ஒருவர் முழு ஓய்வு வயதை எட்டிவிட்டதாகக் கொண்டே கணக்கிடப்படுவதால், பொதுவாக மாதத் தொகை குறைவதில்லை. ஆனால், ஊன விண்ணப்பம் முடிவாகும்வரை காத்திருக்க இயலாமல் 62 வயதிலேயே முன்கூட்டிய ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர்களுக்கு, அவ்வாறு வாங்கிய மாதங்களுக்கான பிடித்தம் பின்னரும் தொடரும்.

உண்மையான மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது: ஊனம் நீடிக்கிறதா என்று பார்க்கும் மருத்துவ மறுஆய்வுகள் முடிவுக்கு வருகின்றன; வேலை செய்து எவ்வளவு சம்பாதித்தாலும் ஓய்வூதியம் நிறுத்தப்படுவதில்லை. பணியிட விபத்துக்கான இழப்பீட்டின் காரணமாக உதவித்தொகை குறைக்கப்பட்டிருந்தால், அந்தக் குறைப்பும் முழு ஓய்வு வயதில் நீங்குவதால், சிலருக்கு மாதத் தொகை கூடவும் செய்யும்.