அப்பாவின் ஃபைபர் படகை மீண்டும் கடலில் இறக்க முடியுமா?

கேள்வி: எண்ணூர் தாழங்குப்பத்தில் வசிக்கிறேன். சுனாமிக்குப் பிறகு அப்பாவுக்குக் கிடைத்த 28 அடி ஃபைபர் படகு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டுக் கரைக் கற்களில் மோதியது. அன்றிலிருந்து மணலில் கிடக்கிறது. அடிப்பகுதியில் இரண்டு விரிசல்கள், ஆங்காங்கே கொப்புளங்கள், இயந்திரம் மாட்டும் பின்பலகையில் ஆட்டம். அப்போது பரவிய எண்ணெயின் கறையும் போகவில்லை. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சரிசெய்ய நினைக்கிறேன். "இரண்டு கை ரெசின் அடித்துப் பெயிண்ட் பூசினால் போதும்" என்கிறார்கள் நண்பர்கள். "உடைத்துப் போடு" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். படகைத் தட்டிப் பார்க்காமல் யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நண்பர்கள் சொல்லும் வழியில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி ஒரு படகைச் செய்து கொடுத்தேன். உள்ளே ஈரம் இருந்தது. மேலே ரெசின், அதாவது கண்ணாடி இழைகளைப் பிடித்து இறுகும் பிசின், பூசினேன். பளபளவென்று போன படகு, ஒரு பருவம் முடிவதற்குள் பூசிய அடுக்கு தோல் உரிவதுபோல் உரிந்து திரும்பி வந்தது. அது கரைக்கு அருகில் உரிந்ததால் உயிருக்கு ஆபத்து இல்லாமல் போயிற்று. அந்த நாளுக்குப் பிறகு, காய்ந்ததா என்று உறுதிசெய்யாமல் எந்தப் படகிலும் நான் ரெசின் வைத்ததில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தேவை ஒரு சின்னச் சுத்தியலும் சாக்கட்டியும்தான். சுத்தியலின் மரப்பிடியால் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பலகைவரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் உள்ளே நீர் கோத்த இடமும் 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். அடுத்து, அடிப்பகுதி விரிசல் ஒன்றில் முனை வளைத்த ஆணியை விட்டு ஃபைபரின் கனத்தை அளந்து பாருங்கள். லேத்தில் கை பழகியவருக்கு இது எளிது. சுனாமிக்குப் பிறகு குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் கட்டி வழங்கப்பட்டன. அவசரத்தில் கட்டியவற்றில் கனம் குறைந்தவையும் இருந்தன. உங்கள் படகு எந்த ரகம் என்பதை ஆணியே சொல்லிவிடும்.

படகை நிமிர்த்தி, மணலில் அடி சமமாகப் படியும்படி வைத்து, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் குறியிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட, தெரியாத மயிரிழைக் கசிவே பிறகு தொல்லை கொடுக்கும்.

வட்டமிட்ட இடங்கள் அடிப்பரப்பில் பாதிக்கு மேல் இருந்தாலோ, படகின் அடியில் முதுகெலும்புபோல் நீளவாட்டில் ஓடும் ஏரா நெடுக உடைந்திருந்தாலோ, உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஓடும் தாங்குசட்டங்களான வங்குகள் ஃபைபரிலிருந்து விட்டிருந்தாலோ அப்பா சொல்வதுதான் சரி. அப்போதும் கரையில் வைத்துக் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை நச்சு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை இருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது எண்ணெய். இதை கிரைண்டர் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கறையோடு தேய்த்தால் சக்கரத்தின் சூட்டில் எண்ணெய் இழைகளுக்குள் இறங்கிவிடும். அதன்மேல் வைக்கும் எந்த அடுக்கும் ஒட்டாது. தடித்த கறையைச் சுரண்டி எடுங்கள். சோப்புத் தூள் போட்டு இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபின் வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாவதற்குள் இன்னொரு காய்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது துணி வெள்ளையாகவே திரும்பும்வரை இதைச் செய்ய வேண்டும். ஒரே துணியை வைத்துக்கொண்டு படகு முழுவதும் துடைத்தால் கறையைப் பரப்பியதுதான் மிச்சம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடாதீர்கள்.

இனி கொப்புளம். ஒன்றை ஆணியால் குத்திப் பாருங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. வழியும் நீர் புளித்த காடிபோல் மணந்தால், கடல்நீர் ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சைத் தாண்டி உள்ளே போய் ரெசினோடு வினைபுரிந்திருக்கிறது என்று பொருள். அந்த இடங்களில் ஜெல்கோட்டைத் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். வடசென்னையில் இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடிநீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. உப்பான போர்வெல் தண்ணீரால் கழுவினால் உப்பு இழைகளிலேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், படகு காயாது. இந்த வேலைக்குக் குடிநீர் வாரியத் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

கழுவிய பிறகு பொறுமை வேண்டும். மணலிலிருந்து தூக்கிக் கட்டைகள்மேல் வைத்து, மழை விழாதபடி மேலே தார்ப்பாய் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், சில படகுகளுக்கு மாதங்களும் ஆகும். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு சதுர அடி கண்ணாடிப் பாலித்தீன் தாளைத் தேய்த்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விடுங்கள். மாலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தாள் தெளிவாக இருக்கும் நாள்தான் ரெசின் வாங்கப் போக வேண்டிய நாள்.

இதனால்தான் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்கிறேன். பொங்கல் கழித்துக் காயவைக்கத் தொடங்கினால், கோடைக்குள் ரெசின் வேலைக்கு வந்துவிடலாம். தெரிந்த ஃபைபர் தொழிலாளி ஒருவரை ஒரு நாள் உதவிக்குக் கூப்பிட நினைத்தால், ஏப்ரல் 15-க்கு முன்பே பேசிவிடுங்கள். விசைப்படகுகளின் 61 நாள் தடைக்காலம் தொடங்கியதும் காசிமேட்டில் பழுதுபார்க்கும் வேலை குவியும். ஜூன் 14 வரை கைதேர்ந்த ஆள் கிடைப்பது கடினம்.

விரிசலைச் சரிசெய்வதில் முக்கால் பங்கு கிரைண்டர் வேலைதான். உடைந்த இடத்தைச் சுற்றி, அடிபட்ட ஃபைபர் பால்போல் வெளுத்திருக்கும். வெளுப்பு மறைந்து, பச்சை கலந்த தெளிவான இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டை பெரிதாகிறதே என்று மனம் பதறும். பதற வேண்டாம், அது தேவைதான். பிறகு ஓரத்தைச் சரிவாக்குங்கள். கனம் 1 பங்கு என்றால் சரிவு 12 பங்கு, 5 மி.மீ. கனமுள்ள இடத்தில் சுற்றிலும் 60 மி.மீ. அகலத்துக்குச் சரிவு வேண்டும். ஒட்டு நிற்பது இந்தச் சரிவின் பரப்பில்தான். செங்குத்தான ஓரத்தில் வைத்து அடைத்த பட்டி, அலையில் படகு வளையும்போது சோற்றுப் பருக்கைபோல் விழுந்துவிடும்.

ரெசினில் ஐசோ வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரெசினைவிட நீரைத் தாங்கும். இறுகுவதை முடுக்கிவிடும் கோபால்ட் முன்பே கலந்ததாக வாங்குங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கோபால்ட் தனி, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் தனி என்று கொடுத்தால் இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேரவிடாதீர்கள், வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். பட்டால் அந்த நொடியே தண்ணீரால் கழுவத் தொடங்கி, குறைந்தது கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு வாளி நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ரெசின் ஆவிக்குத் துணி முகமூடி எந்தப் பயனும் தராது. கரிவடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தேய்க்கும்போது தூசு வடிகட்டியும் அதோடு சேர வேண்டும்.

ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட். சென்னை வெயிலில் 10 மில்லியை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். குறுகிய டப்பாவில் நிறையக் கலந்தால் அது தானே சூடேறிப் புகையத் தொடங்கும். வாயகன்ற தட்டில் கலப்பது பாதுகாப்பு.

450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) ஓர் அடுக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ ரெசின் குடிக்கும். இறுகியபின் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும். எத்தனை அடுக்கு என்ற கணக்கை இதிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். முதல் அடுக்கு எப்போதும் மேட்தான். நெய்த இழைத் துணியான ரோவிங்கைப் பழைய பரப்பின்மேல் நேரடியாக வைத்தால் பிடிப்பு குறையும். பெரிய துண்டை முதலில் வைத்து, வரவரச் சிறிய துண்டுகளாகக் குறைத்து வாருங்கள். ஒவ்வோர் அடுக்கையும் இரும்பு ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். நனைந்த மேட் வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆகும். வெள்ளைப் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது. மூன்று நான்கு அடுக்குக்குமேல் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். அடுத்த ஞாயிறு தொடரும்போது, இறுகிய பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டே அடுத்த அடுக்கை வைக்க வேண்டும்.

இனி பின்பலகை. உங்கள் படகில் மிக முக்கியமான இடம் இதுதான். விரிசல் இதற்கு அடுத்துதான். இயந்திரத்தின் முழு உந்துதலையும் இந்தப் பலகைதான் வாங்குகிறது. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளை வழியாக நீர் இறங்கி அது உளுத்துப்போனால் வெளியே ஒன்றும் தெரியாது. உட்புறத்தில் கீழ்ப்பகுதியில் 6 மி.மீ. துளை போட்டுப் பாருங்கள். துரப்பணத்தில் வெளிர்நிறக் காய்ந்த தூள் வந்தால் நல்லது. ஊறிய காப்பித்தூள்போல் கருத்து ஈரமாக வந்தால் பலகை போய்விட்டது. ஆட்டம் இருப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், போயிருக்கும் என்றே எதிர்பாருங்கள்.

துளை வழியாக ரெசின் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊறிய மரத்தில் ரெசின் இறங்காது. உட்புறத் தோலை ஓரமாக வெட்டியெடுத்து, உளுத்ததை உளியால் முழுவதும் சுரண்டி, வெளித்தோலை முன் சொன்ன முறையில் காயவைக்க வேண்டும். புதுப் பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; கடல்பயன்பாட்டுக்கான ஒட்டுப்பலகைக்கு அதுதான் இந்தியத் தரம். கடையில் மலிவாகத் தரும் ஐஎஸ் 303 வீட்டு அலமாரிக்கு உரியது. பழைய கனத்தையே கொண்டுவாருங்கள். கூடினால் இயந்திரத்தின் பிடி ஏறாது. பலகையின் வெட்டுமுகங்களில் ரெசின் குடிக்கும்வரை பூசி, நனைந்த மேட் இடைவைத்து வெளித்தோலோடு அழுத்திப் பிடிப்பான்கள் போடுங்கள். பிறகு உட்புறம் அடுக்குகள் வைத்து, பக்கச் சுவர்களிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஏற்றி இணையுங்கள். போல்ட் துளைகளைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, ரெசின் பட்டியால் அடைத்து, இறுகியபின் அந்தப் பட்டியின் நடுவே போல்ட் அளவுக்குத் துளையிட்டால் நீர் மரத்தைத் தொட வழியே இருக்காது. இந்த ஒரு வேலைக்கு அரைநாள் கூடுதலாகச் செலவழியுங்கள்.

அணியத்திலும் பின்புறத்திலும் மிதவை அறைகள் இருக்கும். திறந்து பார்த்து, உள்ளே நுரை நீர் குடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். பதிலுக்குத் தெர்மாகோல் அடைத்து மேலே ரெசின் பூச வேண்டாம். ரெசினிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலை வெண்ணெய்போல் கரைத்துவிடும், அறை காலியாக நிற்கும். பாலியூரித்தேன் நுரை வாங்குங்கள்.

ஜெல்கோட், பெயிண்ட் எல்லாம் கடைசி. கடைசிக் கோட்டில் மெழுகு கலந்தால்தான் மேற்பரப்பின் பிசுபிசுப்பு போகும். நம் படகுகள் மணலில் இழுபடுபவை. ஏராவில் மட்டும் இரண்டு அடுக்கு கூடுதலாக வையுங்கள். பெயிண்ட் அடிக்குமுன் பக்கவாட்டிலுள்ள பதிவு எண்ணைப் படம் எடுத்து, அதே இடத்தில் மீண்டும் எழுதுங்கள். பதிவு அப்பா பெயரில்தான் இருக்கும். நீங்கள் ஓட்டுவதாக இருந்தால், 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்ள பதிவு என்ன நிலையில் இருக்கிறது என்று இப்போதே மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். படகு தயாரானபின் தாளுக்காகக் காத்திருப்பது வேதனை.

முதலில் இறக்குவது அலையடிக்கும் கரையில் வேண்டாம். அலை இல்லாத நீரில் இறக்கி, இயந்திரம் மாட்டாமல் இரண்டு மணி நேரம் மிதக்கவிட்டு உள்ளே ஈரம் பாருங்கள். பிறகு இயந்திரத்தை மாட்டி, மெதுவாக ஓட்டி, கரையேறியதும் பின்பலகையின் மூலைகளில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும்.

அந்த முதல் ஓட்டத்துக்கு அப்பாவைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். வெறும் படகு எந்த அளவுக்கு நீரில் அமிழ்ந்து நிற்கும் என்பது இத்தனை ஆண்டு ஓட்டியவருக்கு மனக்கணக்கில் இருக்கும். "முன்பைவிட நாலு விரல் தாழ்ந்து நிற்கிறதே" என்று அவர் சொன்னால், எங்கோ ஓர் அறையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கரையேற்றி மறுபடியும் தட்டிப் பாருங்கள்.