நூலகர் பதவியும் சங்க உறுப்பினர் அட்டையும்: ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (மேலூர், முதுகலை நூலக அறிவியல் மாணவி): ஐயா, வழக்கறிஞர்களைப் போல நாங்களும் ஒரு சங்கத்தில் பதிவு செய்தால்தான் நூலகராகப் பணியாற்ற முடியுமா?

பதில்: தேவையில்லை, அம்மா. 1961ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்யாத எவரும் வழக்கறிஞராகத் தொழில் நடத்த இயலாது. நூலகர்களுக்கு அப்படியொரு சட்டமும் இல்லை, பதிவு மன்றமும் இல்லை. இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னின்று 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கமும், 1933இல் தோன்றிய இந்திய நூலகச் சங்கமும் விரும்பியவர் சேரும் அமைப்புகளே. கல்லூரி நூலகர் பணிக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் கேட்கின்றன; நெட் அல்லது செட் எனும் தகுதித் தேர்வில் தேர்ச்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் அட்டையை நேர்காணலில் யாரும் கேட்பதில்லை.

கேள்வி (திருமங்கலம், தனியார் பள்ளி நூலகர்): ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் என்னையே அனுப்புகிறார்கள். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகங்களுக்கு என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சங்கம் தட்டிக் கேட்குமா?

பதில்: சம்பளப் பிடித்தத்தைப் பேச வேண்டியது தொழிற்சங்கம்; நூலகச் சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் அமரும் அமைப்பன்று. ஆனால் எவ்வளவு இழப்பு இயல்பானது என்று துறையின் பெயரால் எழுதித் தர அதனால் முடியும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது வாசிக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் குறைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, ஏற்றுக்கொள்கிறது. ஆறாயிரம் முறை நூல் வழங்கியிருந்தால் முப்பது நூல்கள். அவ்விதி உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வழங்கல் பதிவேட்டின் கூட்டுத்தொகையோடு அதை இணைத்து, சரிபார்ப்புக்கு முன்பே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்; பிடித்த பிறகு கொடுத்தால் அது கெஞ்சலாகிவிடும்.

வகுப்புக்கு அனுப்பும் நாள்களில், ‘மூன்றாம் பாடவேளை, மாற்று வகுப்புப் பணிக்காக நூலகம் மூடப்பட்டது’ என்று வருகைப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள். ஆய்வுக்கு வருபவர்கள் புரட்டும் பதிவேடு அதுதான் என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும்.

கேள்வி (உசிலம்பட்டி, ஊர்ப்புற நூலகர்): வெளிநாடுகளில் நூலகர்களுக்குள்ள மரியாதை சங்கங்களால் வந்ததுதானா?

பதில்: ஓரளவுக்கு. பிரிட்டனில் 1877இல் தோன்றிய சங்கம் 1898இல் அரச சாசனம், அதாவது முடியாட்சி வழங்கும் அங்கீகார ஆணை, பெற்றது. 2002இல் மற்றோர் அமைப்போடு இணைந்து ‘சிலிப்’ ஆனது. அது வழங்கும் சாசன உறுப்பினர் தகுதி, பணி அனுபவத்தை மதிப்பிட்ட பிறகே கிடைக்கும். அமெரிக்கச் சங்கமோ முதுகலைப் படிப்புகளுக்கே அங்கீகாரம் அளிக்கிறது. அங்கீகாரமற்ற படிப்பை முடித்தவருக்குப் பல வேலைகள் எட்டாது. அதாவது, யார் நூலகர் என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றுக்கு ஒரு கை உண்டு. நம் சங்கங்கள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் வழங்குவதோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (மதுரை, வாசகர்): கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தபின் நூலகர்களின் நிலை உயர்ந்திருக்குமே?

பதில்: 2023இல் அது திறந்தபின் மக்களின் கவனம் உயர்ந்தது உண்மை, பதவியின் நிலை வேறு. நாம் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி செலுத்துகிறோம். அந்தப் பணத்தில் எவ்வளவு நூலுக்கு, எவ்வளவு ஆளுக்கு என்று மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. நூலகர் கேட்பதைவிட வரி கட்டுபவர் கேட்டால் பதில் விரைவாக வரும்.