அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவி மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்து, இந்த உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

பணம் யாருடையது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். ஸ்நாப் எனும் உணவு உதவியில், மாதாமாதம் அட்டையில் ஏறும் தொகையை இதுவரை மத்திய அரசே கொடுத்துவந்தது. விண்ணப்பம் வாங்குவது, நேர்காணல் செய்வது, தகுதி பார்ப்பது மாநிலத்தின் வேலை. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் அதுவும் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகங்களின் பொறுப்பு. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன.

ரொக்க உதவிதான் மிக மோசமாக வேறுபடுகிறது. 1996 வரை, மாநிலம் எவ்வளவு கொடுத்ததோ அதற்கேற்ப மத்திய அரசும் பங்கு போட்டது. அந்த வருடச் சட்டம் அதை மாற்றி, டேனிஃப் என்ற பெயரில் ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலரை மொத்தத் தொகையாக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை ஏறவில்லை. யாருக்கு, எவ்வளவு என்பதெல்லாம் மாநிலத்தின் முடிவு. அதனால்தான் மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு ஆர்கன்சாவில் மாதம் அதிகபட்சம் 204 டாலர், நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரத்துக்கு மேல். மிசிசிப்பியில் இந்த நிதியிலிருந்து பல லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தின் கைப்பந்து அரங்கத்துக்குப் போனது. ஏழைத் தாய்மாருக்கென்று ஒதுக்கிய பணம் அது. நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் தகுதியில்லாமல் உதவியை இழந்தவர்கள் இல்லை, காகிதத்தால் இழந்தவர்கள். யாரையும் நீக்காமல் வைத்திருந்த பெருந்தொற்றுக் காலச் சலுகை முடிந்து, 2023இல் தொடங்கி மெடிக்கெய்ட் பட்டியலை மாநிலங்கள் சரிபார்த்தபோது இரண்டரைக் கோடிப் பேர் நீக்கப்பட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் படிவம் திரும்பி வராதது போன்ற நடைமுறைக் காரணங்களால்தான். தகுதி இல்லை என்று யாரும் பார்த்து முடிவு செய்யவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டு இடங்களில் துப்புரவு வேலை செய்கிறார். வீடு மாறியதால் புதுப்பிப்புப் படிவம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. மகனின் ஆஸ்துமா மருந்தை வாங்கப் போன இடத்தில்தான் காப்பீடு நின்றுபோனது அவருக்குத் தெரிந்தது. என்னிடம் வந்தபோது 61 நாள் ஆகியிருந்தது. நல்லவேளை, நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் அதே புதுப்பிப்புப் படிவத்தைக் கொடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அன்றைக்கே நிரப்பி அனுப்பினோம், பையனுக்குக் காப்பீடு திரும்பக் கிடைத்தது. அந்த விதியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இனிமேல் காகிதம் கூடும் என்றுதான் பயப்படுகிறேன். 2025இல் வந்த சட்டப்படி, ஸ்நாப் தொகையைக் கணக்கிடுவதில் பிழை விகிதம் அதிகமுள்ள மாநிலங்கள் 2028 நிதியாண்டிலிருந்து அந்தத் தொகையில் ஒரு பங்கைத் தாங்களே கட்ட வேண்டும். பிழைக்குப் பயந்த அலுவலகம் இன்னும் நாலு சான்று கேட்கும்.

சரி, நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இதில் இருந்தால், வீடு மாறியதும் முதலில் அலுவலகத்தில் முகவரியை மாற்றுங்கள். நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால், மேல்முறையீட்டு விசாரணை கேட்கக் கடைசித் தேதி அதிலேயே இருக்கும். உறையைப் பிரித்ததும் அதைத் தேடுங்கள்.