திசு வளர்ப்பு ஏத்தன் கன்று மரபணு மாற்றியதா?

கேள்வி: திருவட்டார் பக்கம் எனக்கு 60 சென்ட் விளை இருக்கிறது. ஏத்தன் (நேந்திரன் வாழை) போடுவதற்காக நர்சரியில் திசு வளர்ப்புக் கன்று சொல்லி வைத்திருக்கிறேன். அது மரபணு மாற்றிய வாழை, குலையைக் கேரள வியாபாரிகள் எடுக்க மாட்டார்கள் என்கிறார் பக்கத்து விளைக்காரர். வீட்டில் நிற்கும் ரெட் லேடி பப்பாளியும் அப்படித்தானாம். உண்மையா? நாளைக்கு மரபணு மாற்றிய வாழையே வந்தால் நமக்கு நல்லதா, கெட்டதா?

பதில்: உண்மை இல்லை. தைரியமாக நடுங்கள்.

திசு வளர்ப்பு என்பது நல்ல தாய் வாழையின் குருத்து நுனியைச் சிறு துண்டாக எடுத்து, ஆய்வகக் குப்பிக்குள் ஆயிரக்கணக்கில் பெருக்குவது. கன்றில் இருப்பது தாயின் மரபணுதான். வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. ரெட் லேடி, தைவான்காரர்கள் உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம். இரண்டு பப்பாளி வகைகளை மகரந்தம் சேர்த்து எடுத்தது, அவ்வளவுதான்.

மரபணு மாற்றம் என்பது வேறு வேலை. ஒரு பாக்டீரியாவிலிருந்தோ வைரஸிலிருந்தோ வேறொரு செடியிலிருந்தோ குறிப்பிட்ட மரபணுவை எடுத்துப் பயிருக்குள் நுழைப்பது. இந்தியாவில் விவசாயி சட்டப்படி வாங்கிப் பயிரிடக்கூடியது 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே. பி.டி. என்றால், புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணு சேர்த்தது. பி.டி. கத்தரிக்காயை 2010-இல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மரபணு மாற்றிய கடுகு நீதிமன்றத்தில் நிற்கிறது. குமரி மாவட்டத்தில் யார் பருத்தி போடுகிறார்கள்? ஆகவே உங்கள் நர்சரியில் இருக்கும் எதுவும் அந்த வகை அல்ல. சாப்பாட்டில் மட்டும் நமக்குத் தெரியாமலே வந்துவிட்டது: கடையில் வாங்கும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசிலில் விளைந்த மரபணு மாற்றிய சோயாவிலிருந்து எடுத்தது. சுத்திகரித்த எண்ணெயில், நுழைத்த மரபணு உண்டாக்கும் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, வந்தால் நல்லதா? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எந்தப் பயிர், எந்தக் குணம், நடவுப் பொருள் யார் கையில் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பப்பாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் இலையைச் சுருக்கிக் காயில் வட்ட வட்டமாகப் புள்ளி விழ வைக்கும் வளையப்புள்ளி வைரஸ், 1990-களில் ஹவாய் தீவின் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. மருந்தே கிடையாது. அந்த வைரஸின் ஒரு மரபணுவையே பப்பாளிக்குள் வைத்து 1998-இல் விதை கொடுத்தார்கள், தோட்டங்கள் பிழைத்தன. ஆனால் அவர்களின் பெரிய வாடிக்கையாளரான ஜப்பான், 2011 வரை அந்தப் பழத்தை ஏற்கவில்லை. உங்கள் பக்கத்து விளைக்காரர் சொன்ன பயத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். பயிர் பிழைத்தாலும் சந்தை திறக்காவிட்டால் என்ன செய்வது? ஓணச் சந்தையை நம்பி ஏத்தன் போடும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பருத்தி சொல்லும் பாடம் வேறு. முதல் சில ஆண்டுகள் காய்ப்புழு அடங்கியது, மருந்தடிப்பும் குறைந்தது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது. சாறு உறிஞ்சும் பூச்சிகளும் பெருகின. வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியும் போட்டால் பூச்சி பழகுவது தள்ளிப்போகும் என்று விதைப் பையோடு தனி விதையே கொடுத்தார்கள், பெரும்பாலோர் விதைக்கவில்லை. வருடா வருடம் விதை வாங்க வேண்டிய செலவும் இருக்கிறது. அதற்குக் காரணம் மரபணு அல்ல, நம் நாட்டில் அதை வீரிய ஒட்டு ரகங்களிலேயே விற்றதுதான்; அதில் விதை எடுத்துப் போட்டால் அதே குணம் வராது. பங்களாதேஷில் 2014 முதல் பயிராகும் பி.டி. கத்தரி சாதாரண ரகம். விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வாழைக்கு ஒரு வசதி உண்டு. ஏத்தனில் விதை இல்லை, நடுவது கன்றைத்தான். எனவே மகரந்தம் பறந்து அடுத்த விளையின் மட்டியோடும் செவ்வாழையோடும் கலந்துவிடும் என்ற பயம் இங்கே பெரிதாக எழாது. ஆஸ்திரேலியாவில் 2024-இல், பனாமா வாடல் நோயைத் தாங்க காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்த ஒரு வாழைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று ஏத்தனில் வந்து, கன்றை நாமே பிரித்து நடலாம் என்றும் இருந்தால், நான் எதிர்க்க மாட்டேன். ஒவ்வாமைச் சோதனை மட்டும் கண்டிப்பாக வேண்டும். பிரேசில் நட் மரபணு சேர்த்த சோயாவில் 1990-களில் ஒவ்வாமைப் புரதம் தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள், சோதித்ததால்தான் தெரிந்தது. ரப்பர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மரபணு மாற்றிய ரப்பரை 2021-இல் அசாமில் சோதனைக்கு நட்டார்கள். ஒக்கி மாதிரி ஒரு புயலில் ஒடியாமல் நிற்கும் மரத்தை மட்டும் யாரும் இன்னும் தரவில்லை.

இப்போதைக்கு உங்கள் கவலை வைரஸ்தான். வைரஸ் சோதித்த சான்று இருக்கிறதா என்று நர்சரியில் கேளுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இதற்கெனச் சான்றளிப்பு முறை வைத்திருக்கிறது. நிழல்வலையில் பழக்கி, ஒரு அடி உயரமும் ஐந்தாறு இலையும் உள்ள கன்றையே எடுங்கள். குப்பியிலிருந்து வந்த கன்றுக்கு வேர் மென்மை, முதல் இரண்டு மாதம் தண்ணீர் தவறக்கூடாது, தேங்கவும் கூடாது. ஓணத்துக்குக் குலை வேண்டுமென்றால் ஐப்பசியில் நட்டுவிடுங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் குலை தள்ளும் என்பதால் முட்டுக் கம்புக்கும் வியாபாரிக்கும் முன்பே சொல்லி வையுங்கள். இலை சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றால் அது முடிக்கொத்து நோய், அசுவினி பரப்புவது. முதலில் அசுவினிக்கு மருந்தடித்து, பிறகு அந்த வாழையைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள், அதிலிருந்து பக்கக் கன்று எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.