எட்டிப் பிடிக்கும் ஜூமா, மாற்றிப் பூட்டும் லென்ஸா?

கேள்வி: மதுராந்தகம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வேடந்தாங்கல் பக்கத்திலேயே இருப்பதால், பருவம் தொடங்கிவிட்டால் விடுமுறை நாட்களில் பெரும்பாலும் ஏரிக்கரையில்தான் நிற்பேன். கைப்பேசியில் எடுக்கும் படங்களில் மரம் தெரிகிறது, பறவை தெரிவதில்லை. கடைக்காரர், லென்ஸைக் கழற்ற முடியாத 83 மடங்கு ஜூம் கேமரா ஒன்றைக் காட்டினார். என் தம்பியோ, "அதெல்லாம் சின்ன சென்சார் அக்கா, வாங்கினால் டிஎஸ்எல்ஆர்தான் வாங்க வேண்டும்" என்கிறான். பள்ளி ஆண்டுவிழாவையும் வீட்டு விசேஷங்களையும் நானே படமெடுக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, மதுராந்தகம்

பதில்: உங்கள் தம்பி சொல்வது தவறல்ல, ஆனால் அது பாதிக் கணக்கு. மீதியையும் போட்டுப் பார்த்தால் ஏரிக்கரைக்கு ஒரு விடையும் விழா மண்டபத்துக்கு வேறொரு விடையும் வருகின்றன. கடைக்குப் போய் நீங்களே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு என்பதால் அதை முழுமையாகவே சொல்லிவிடுகிறேன்.

"83 மடங்கு" என்பது எவ்வளவு தொலைவு எட்டும் என்பதைச் சொல்லும் எண் அல்ல. லென்ஸின் மிக நீண்ட குவியத் தொலைவை (பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதைக் காட்டும் மி.மீ. அளவு) மிகக் குறைந்த குவியத் தொலைவால் வகுத்தால் கிடைக்கும் ஈவு, அவ்வளவுதான். நீங்கள் பார்த்தது 2015-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 ஆகவோ 2020-இல் வந்த பி950 ஆகவோ இருக்க வேண்டும். இரண்டின் லென்ஸும் 4.3 மி.மீ. முதல் 357 மி.மீ. வரை நீள்வது, 357-ஐ 4.3-ஆல் வகுத்தால் 83. இதே கணக்கில், லென்ஸை மாற்றிப் பூட்டக்கூடிய டிஎஸ்எல்ஆருடன் வழக்கமாகத் தரப்படும் 18-55 மி.மீ. லென்ஸ் 3 மடங்குதான். பறவைப் படக்காரர்கள் தோளில் சுமந்து வரும் நிலைக்குவிய (குவியத் தொலைவு மாறாத) 600 மி.மீ. லென்ஸோ வெறும் 1 மடங்கு. விளம்பரங்களில் இந்த எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவது வாசகர்களுக்குச் செய்யும் நியாயமல்ல என்றே நான் கருதுகிறேன்.

தேவையான கணக்கு வேறு. மஞ்சள்மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நிற்கும். அது கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு நீர்க்கடம்பின் உச்சியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 357 மி.மீ. குவியத் தொலைவில் அதன் பிம்பம், படத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் மேல் சுமார் 3.6 மி.மீ. உயரத்துக்கு விழும். அந்த ஜூம் கேமராவின் சென்சாரே 4.6 மி.மீ. உயரம்தான் என்பதால், நாரை படச் சட்டத்தின் முக்கால் பங்கை நிறைத்துவிடும். டிஎஸ்எல்ஆரில் 18-55 லென்ஸைப் பூட்டி 55-இல் எடுத்தால் பிம்பம் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், சென்சாரோ 15.6 மி.மீ. உயரம். கைப்பேசிப் படத்தில் நீங்கள் கண்ட ஏமாற்றம் அங்கும் தொடரும். 70-300 லென்ஸைத் தனியாக வாங்கிப் பூட்டினாலும் 3 மி.மீ. பிம்பம், அதாவது சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்குதான். நானும் முதன்முதலில் டிஎஸ்எல்ஆர் வாங்கியபோது உடன் வந்த லென்ஸோடு வேடந்தாங்கல் கரையில் நின்று, வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கியபோது கூழைக்கடா எது, கிளை எது என்று பிரிக்க முடியாமல் மனம் சோர்ந்திருக்கிறேன்.

இனி உங்கள் தம்பியின் வாதத்துக்கு வருவோம். டிஎஸ்எல்ஆரின் சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ.; ஜூம் கேமராவின் சென்சார் 6.2-க்கு 4.6 மி.மீ.; பரப்பில் 13 மடங்கு வேறுபாடு. சிறிய சென்சாரில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் இரைச்சலுக்கு அடிப்படைக் காரணம் ஒளி போதாமை. ஒரு குறிப்பிட்ட பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதை முடிவு செய்வது சென்சாரின் பரப்பு அல்ல, லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயின் அகலம். முற்றத்தில் மழைநீர் பிடிக்க வைக்கும் பாத்திரம் எவ்வளவு பிடிக்கும் என்பது அதன் வாய் அகலத்தைப் பொறுத்தது போலத்தான் இதுவும். அந்த அகலத்தைக் கண்டுபிடிப்பது எளிது: லென்ஸின் முகப்பில் அச்சிட்டுள்ள குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் 2000 மி.மீ. என்ற "ஈடான" எண்ணை (35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்வது) இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

பி900-இன் 357-ஐ அதன் எஃப் எண்ணான 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. டிஎஸ்எல்ஆருக்கான எளிய 70-300 லென்ஸில் 300-ஐ 6.3-ஆல் வகுத்தால் 48 மி.மீ. ஆக, ஒரே தொலைவிலுள்ள ஒரே நாரையிடமிருந்து, ஒரே ஷட்டர் நேரத்தில், சின்ன சென்சார் கேமராதான் சற்று அதிக ஒளியைத் திரட்டுகிறது. பகல் வெளிச்சத்தில், அசையாமல் நிற்கும் பறவைக்கு, எளிய டெலி லென்ஸ் பூட்டிய டிஎஸ்எல்ஆரைவிட அது அதிக நுணுக்கத்தைக் காட்டுவதற்கு இதுவே காரணம். டிஎஸ்எல்ஆர் இங்கே முந்த வேண்டுமானால் நிக்கானின் 200-500 எஃப் 5.6 போன்ற லென்ஸ் வேண்டும். அதன் வாய் 89 மி.மீ.; ஒளி இரண்டரை மடங்கு. ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ எடை. விலையோ ஒரு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரைக் காட்டிலும் அதிகம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழாகிறது. மேடை முழுவதையும் அகலமாக எடுக்கும்போது ஜூம் கேமரா 4.3-ஐ 2.8-ஆல் வகுத்த 1.5 மி.மீ. வாயோடு நிற்கும், 18-55 லென்ஸுக்கு 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5.1 மி.மீ. கிடைக்கும். வாய் அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி கூடும் என்பதால், இது 11 மடங்கு. 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பூட்டினால் வாய் 19 மி.மீ.; அதே காட்சிக்கு ஜூம் கேமராவின் வாயை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் 3.5 மி.மீ. தாண்டாது. ஒளியில் 30 மடங்கு வேறுபாடு என்பது, குழல்விளக்கு வெளிச்சத்தில் ஆடும் குழந்தையின் முகம் தெளிவாக விழுவதற்கும், கலங்கிய நிழலாக விழுவதற்கும் உள்ள வேறுபாடு. பின்னணியை மென்மையாகக் கரைத்து முகத்தை மட்டும் துலக்குவதும் அகன்ற வாயால்தான் முடியும்.

பறக்கும் பறவை மூன்றாவது சங்கதி. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியே ஒளியின் ஒரு பகுதி தனியான ஃபோகஸ் சென்சாருக்குப் போவதால், லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். பெரும்பாலான சிறிய சென்சார் ஜூம் கேமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, படம் கூர்மையாகும் இடத்தைத் தேடுகின்றன. அதற்குள் பறவை சட்டத்தைக் கடந்துவிடும். மாலையில் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டங்கூட்டமாக ஏரிக்குத் திரும்பும் நேரத்தில் வெளிச்சமும் குறைவு, எல்லாம் பறந்தபடியே இருக்கும் என்பதால், அந்தக் காட்சிதான் உங்கள் ஆசை என்றால் ஜூம் கேமரா மனநிறைவு தராது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் விடுமுறை நாட்கள் ஏரிக்கரையில் கழிகின்றன. ஆண்டுவிழா ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. பெரிய லென்ஸுக்கான பணம் இப்போது இல்லை என்றால் ஜூம் கேமராவையே வாங்குங்கள். விழாவுக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள். இப்போதைய கைப்பேசிகள் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கிவிடுவதால், மங்கலான மண்டபத்தில் அந்த ஜூம் கேமராவைவிட நன்றாகவே எடுக்கும். பி900, பி950 இரண்டும் கிடைத்தால், பின்னால் திருத்துவதற்கு வாய்ப்பளிக்கும் ரா கோப்பு வசதி உள்ள பி950-ஐத் தேர்ந்தெடுங்கள். பி900-இல் அது இல்லை.

வாங்கிய பிறகு ஒன்றிரண்டு பழக்கங்கள் வேண்டும். முழு ஜூமில் சட்டத்தின் உயரம் முக்கால் பாகையைக்கூட எட்டாது. முழு நிலவே அதில் முக்கால் பங்கை அடைத்துவிடும். ஆகையால் பறவையை முதலில் குறைந்த ஜூமில் சட்டத்தின் நடுவே கொண்டுவந்து, பிறகு மெல்ல நெருங்க வேண்டும். காலை 9 மணிக்கு மேல் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளியத் தொடங்கும் நாட்களில் எந்த லென்ஸாலும் தொலைவிலுள்ள இறகைத் தெளிவாக எடுக்க முடியாது. அதைக் கேமராவின் குறை என்று எண்ணிவிட வேண்டாம், விடிந்ததும் போய்விடுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் ஒன்று, 70-300 லென்ஸோடு, புதிய ஜூம் கேமராவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. டிஎஸ்எல்ஆரின் காலமே முடிந்துவிட்டது, வாங்காதே என்கிறார்கள் நண்பர்கள். கற்றுக்கொள்ள விரும்பும் மாணவன் நான்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் வெளியிடவில்லை என்பது உண்மை. அவற்றின் கவனம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போய்விட்டது. ஆனால் இருக்கும் கேமரா அதனால் மோசமாகப் படமெடுக்கப் போவதில்லை. கற்றுக்கொள்பவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். துளையை, அதாவது மேலே சொன்ன லென்ஸ் வாயின் அகலத்தை, மாற்றினால் பின்னணி எப்படி மாறுகிறது என்பதைச் சிறிய சென்சாரில் கண்ணால் காண்பது அரிது. டிஎஸ்எல்ஆரில் முதல் நாளே புரிந்துவிடும். லென்ஸுக்கான பணமும் வீணாகாது: கேனானின் இஎஃப் லென்ஸ்களையும் நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களையும் தகுந்த அடாப்டரோடு அந்தந்த நிறுவனத்தின் மிரர்லெஸ் கேமராவில் தானியங்கி ஃபோகஸுடனேயே பயன்படுத்தலாம். ஜூம் கேமராவில் லென்ஸ் மோட்டார் பழுதானால் கேமராவே முடங்கிவிடும்.

வாங்குமுன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் படமெடுத்துப் பார்த்தால் சென்சாரில் படிந்த தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸின் பின்புறம் டார்ச் அடித்து, உள்ளே சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை மாடல்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: கோடியக்கரையில் பூநாரைகளைப் படமெடுக்கிறேன். உப்புக் காற்றும் மணலும் அடிக்கும் இடத்தில் எந்த வகை தாங்கும்?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: கழற்ற வேண்டிய தேவையே இல்லாத லென்ஸ் அங்கே ஒரு வசதிதான், சென்சார் காற்றுக்குத் திறப்பதில்லை. ஆனால் நீண்டு சுருங்கும் ஜூம் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுக்கும் என்பதால், தூசி ஒருமுறை உள்ளே போய்விட்டால் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் லென்ஸை வீட்டிலேயே பூட்டிக்கொண்டு கிளம்புங்கள், திடலில் மாற்ற வேண்டாம். எந்த வகையானாலும் திரும்பியதும் சற்றே ஈரமான மென்துணியால் உடலை ஒற்றியெடுத்து, காய்ந்த பிறகு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். தோல் உறையிலோ துணிப்பையிலோ மாதக்கணக்கில் மூடி வைத்தால் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும் புதியதைப் போட மறவாதீர்கள்.