திம்பம் ஏறும்போது இழுக்காத வண்டி

கேள்வி: பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதை ஏறும்போது என் 100 சிசி பைக்கில் எஞ்சின் சத்தம்தான் கூடுது, வண்டி இழுக்கமாட்டேங்குதுங்க. போன மாசம் ஆயில் மாத்தினதுல இருந்துதான் இப்படி. கிளட்ச் செட்டையே மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுங்களா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: உடனே மாற்ற வேண்டாம். முதலில் கிளட்ச் ஒயரைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை லூஸ் ஆட்டம் இருக்க வேண்டும். கிளட்ச்சுக்குள் இருக்கும் பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறையும். ஆட்டமே இல்லையென்றால், லீவரை விட்ட பிறகும் கிளட்ச் கொஞ்சம் பிரிந்தே நிற்கும்; ஸ்பிரிங்கால் பிளேட்டுகளை முழுதாக அழுத்த முடியாது. அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சமதளத்தில் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் இன்னும் ஸ்லிப் ஆகிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஆயில். உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இதன்மேல்தான். பைக் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடான ‘ஜாஸோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) இருக்க வேண்டும். ‘எம்பி’ (MB) என்பது ஸ்கூட்டருக்கானது. சரியான ஆயில் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும்.

அதற்கும் சரியாகாவிட்டால்தான் கிளட்ச் கவரைக் கழற்ற வேண்டும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் ஓட்டை போட்டு அதே வரிசையில் செருகி வையுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் அதிகச் சூடு கண்டிருக்கிறது. உராய்வு பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து, சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்கை ஒன்றிரண்டாக மாற்றாதீர்கள், மொத்தமாக மாற்றுங்கள். புது உராய்வு பிளேட்டை எஞ்சின் ஆயிலில் ஊற வைத்துத்தான் பூட்ட வேண்டும். காய்ந்தபடி பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கேஸ்கட் புதிது போடுங்கள்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் பாதி கிளட்ச்சில் ஏறினால் புது செட்டும் தாங்காது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, லீவரை முழுதாக விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிளட்ச்சை முழுசா பிடிச்சாலும் வண்டி முன்னாடி நகருது, நியூட்ரல் விழமாட்டேங்குது. ஏனுங்க?
– வாசகர், பெருந்துறை

பதில்: இது ஸ்லிப்புக்கு நேர் எதிர், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. லூஸ் ஆட்டம் அதிகமாக இருந்தால் அதைக் குறைத்துவிடுங்கள். ஒயரின் இழை பிரிந்திருந்தால் ஒயரை மாற்றுங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது கிளட்ச் ஹவுசிங்கின் (பிளேட்டுகள் உட்காரும் கூடை) விரல் போன்ற நீட்சிகளில் பள்ளம் விழுந்து பிளேட் அதில் மாட்டிக்கொள்ளலாம். லேசான பள்ளத்தை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தலாம்; ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்றுங்கள்.