அது நம்ம ஊரு நரியா?

கேள்வி: எம் பையன் அமெரிக்காவுல அரிசோனால வேலை பாக்குறான். வீட்டுக்குப் பின்னாடி நரி மாதிரி ஒண்ணு நிக்கிற வீடியோ அனுப்பிருந்தான், கயோட்டின்னு பேராம். நம்ம நரிதானே அது? 3 வயசுல பேத்தி இருக்கா, பயமா இருக்குங்க.
– வாசகி, பாலக்கோடு

பதில்: பாக்க அப்படியேதான் இருக்கும்மா, ஆனா நம்ம நரி இல்ல. ஓநாய், நரி, நாய்னு ஒரே குடும்பம், அதுல கயோட்டி வட அமெரிக்கா, மத்திய அமெரிக்காவுல மட்டும் இருக்குறது. நம்ம நரி 8லருந்து 10 கிலோ வரும், பாலைவனத்து கயோட்டி அதைவிட கொஞ்சம் பெருசு, கிழக்கு அமெரிக்கா பக்கம் போனா 20 கிலோ வரைக்கும்கூட இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த முடி, கூரான மூஞ்சி, பெரிய காது, வால் நுனி கருப்பு. ஓடும்போது வாலைக் கீழ தொங்கவிட்டுட்டுத்தான் ஓடும், தூரத்துல பாத்து நாயான்னு சந்தேகம் வந்தா அந்த வாலைப் பாக்கச் சொல்லுங்க.

எலி பிடிக்கிறது இருக்கே, அதைப் பாக்கணும். புல்லுக்குள்ள சத்தம் கேட்டா அப்படியே அசையாம நின்னு காதை மட்டும் முன்னாடி திருப்பும், அப்புறம் மேல எகிறி முன்னங்கால் ரெண்டையும் சேத்து எலி மேலயே வந்து விழும். முயல், பூச்சி, பழம், குப்பைன்னு கெடைக்கிறதெல்லாம் திங்கும், அதனாலதான் சிகாகோ மாதிரி பெரிய சிட்டிக்குள்ளயும் பொழைக்குது. ராயக்கோட்டை பக்கம் சின்ன வயசுல கடலைக்கொல்லை காவலுக்குப் போனப்போ ராத்திரி நரி ஊளை கேட்டா ஊரே சுத்தி நிக்குதுன்னு நடுங்குவேன், நாலஞ்சுதான் இருக்கும். கயோட்டியும் அதேதான், ரெண்டு சேந்து குரலை மாத்தி மாத்தி ஊளை விட்டா கூட்டமா கேக்கும், பையன் அதைக் கேட்டு பயப்பட வேணாம்.

பேத்தி விஷயம் மறைக்காம சொல்றேன். கயோட்டி கடிச்சு மனுஷங்க செத்ததா பதிவானது ரெண்டே ரெண்டு, 1981ல கலிஃபோர்னியால 3 வயசுக் குழந்தை, 2009ல கனடால 19 வயசுப் பொண்ணு. அபூர்வம்தான், ஆனா சின்னப் புள்ளைங்கள கடிச்சது இன்னும் நிறைய உண்டு, சோறு வச்சுப் பழக்கின இடத்துல அதுக்கு மனுஷன் மேல பயம் விட்டுப்போகும். அதனால பாவம்னு எதையும் வைக்கக் கூடாது, நாய்க்கு வச்ச சாப்பாடு, கீழ விழுந்த பழம், குப்பை எதுவும் ராத்திரி வெளிய கெடக்கக் கூடாது. விடியக்காலை, பொழுது சாயுற நேரம் பாப்பாவைத் தனியா பின்பக்கம் விட வேணாம். எதிர்ல வந்துட்டா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு, முதுகு காட்டி ஓடாம, கையைத் தூக்கி சத்தம் போட்டுக்கிட்டே பின்னாடி நகரச் சொல்லுங்க, பெரும்பாலும் அதுவே ஓடிரும். ஏப்ரல், மே மாசம் குட்டி இருக்கும், அப்போ பொந்து பக்கம் போனா தூரமா கூடவே வரும், அது நம்மள வெளிய அனுப்பி வைக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு வேற வழியா போயிரணும்.